கீழே கிடந்து பழக ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் பெண்பிள்ளைகளுக்கான தற்காப்புப் பயிற்சி முகாம் ஒன்றைப் பற்றிய செய்தி படத்தோடு வந்திருந்தது. வெள்ளை ரீ-சேர்ட் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றைக் குத்துகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு மங்கள விளக்கேற்றல், பன்னிரண்டரைக்குச் சான்றிதழ், அதோடு மதியச் சாப்பாட்டுப் பார்சல். வரவேற்புரை, அதிதிகள் உரை, நன்றியுரை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் பழகியது ஒன்றரை மணித்தியாலம் வருமோ தெரியாது. நடத்தியவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. என் மகளும் இரண்டு வருடத்துக்கு முன் இப்படியொரு முகாமுக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தவள்தான். சான்றிதழ் அலுமாரியில் இருக்கிறது. என்ன படித்தாய் என்று போன கிழமை கேட்டேன். "கண்ணில குத்தச் சொன்னவை" என்றாள். அவ்வளவுதான் மிச்சம்.

எனக்கு வயது 44. உவர்மலையில் இருக்கிறேன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில்கூட மேலதிக ஆளாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகு நான் செய்த ஒரே உடற்பயிற்சி, வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவது. அதிலும் பாதி வழியில் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கிற சாட்டில் நின்று மூச்சு வாங்குவேன். இப்படிப்பட்ட நான் சென்ற பங்குனியில் இருந்து பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற, எதிராளியை நிலத்தில் பிடித்துப் பூட்டுகிற தற்காப்புக் கலையைப் பழகுகிறேன். சிரிக்க வேண்டாம், சிரித்தவர்களின் பட்டியல் ஏற்கனவே நீளம்.

பழகுவதற்கென்று நான் போகவில்லை. என் தங்கையின் மகன் எட்டு வருடம் அபுதாபியில் இருந்தவன். அங்கே ஜியு-ஜிட்சு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே இருக்கிறது. இவன் ஒரு பாடசாலை பஸ்ஸில் உதவியாளன். பிள்ளைகள் பழகும் நேரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனை, அங்கிருந்த பிரேசில் நாட்டுப் பயிற்றுநர் ஒருநாள் பாயில் ஏறச் சொன்னாராம். ஊருக்கு வரும்போது மூன்று வெள்ளைக் கோடு போட்ட நீலப் பட்டி (தொடக்கக்காரரின் வெள்ளைக்கு அடுத்த படி) ஒன்றும், சாக்குத் தடிப்பில் மூன்று பயிற்சிச் சட்டைகளும் கொண்டு வந்தான். அலஸ்தோட்டத்தில் தகப்பனின் பழைய மீன் வாடி சும்மா கிடந்தது. அதன் சீமெந்து நிலத்தை மூன்று நாள் கழுவி, ஒரு மீற்றர் சதுரமான ரப்பர்ப் பாய்த் துண்டுகள் இருபத்தொன்றைப் பல்லோடு பல் பொருத்தி விரித்தான். மீன் மணம் இன்னும் போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன்.

மகள் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தனியே விட மனமில்லாமல் நான் காவலுக்குப் போனேன். மூலையில் ஐஸ் பெட்டி ஒன்றின்மேல் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், மகளோடு சேர்ந்து பழகுகிற பிள்ளை வரவில்லை. "பெரியம்மா, ஆள் ஒண்டு குறையுது. நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா படுங்கோ" என்றான். எல்லாரும் உறுதியோடும் இலட்சியத்தோடும் தொடங்குவார்களாம். நான் சோளக்கொல்லைப் பொம்மையாகத் தொடங்கினேன்.

மகள் 48 கிலோ, நான் 71. அவள் என் மார்பின்மேல் இரண்டு பக்கமும் முழங்கால் ஊன்றி ஏறி இருந்தாள். இதற்கு மவுண்ட் என்று பெயர். நான் பெற்ற பிள்ளைதானே, தூக்கிப் போட்டால் போச்சு என்று நினைத்து இரண்டு கையாலும் தள்ளினேன். அரிசி மூட்டை தூக்கியவர்களுக்குத் தெரியும், மூட்டை தள்ளினால் தள்ளுப்படும். இவள் தள்ளுப்படவில்லை. நான் தள்ளிய பக்கம் சாய்ந்து கொடுத்து, என் கை நீண்டதும் அதன்மேல் இன்னும் பாரமாகப் படுத்தாள். அரை நிமிடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. உண்மையாகவே பயந்துபோனேன். கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. அதால் வந்த வெயில் ஒரு ரூபாய்க் குத்தியளவுக்கு அவள் தோளில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, நான் இங்கே சாகப்போகிறேன் என்று நினைத்தேன். தங்கச்சி மகன் குனிந்து, "பெரியம்மா, மூச்சை விடுங்கோ" என்றான். அப்போதுதான் தெரிந்தது, யாரும் என் மூச்சை நிறுத்தவில்லை. நான்தான் பிடித்துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் அவர்களே, அரை நாள் முகாமில் வராதது இந்த அரை நிமிடம்தான். காற்றைக் குத்தினால் காற்று திருப்பித் தள்ளாது. ஓர் ஆள் உண்மையான பாரத்தோடு மேலே கிடக்கும்போது உடம்பு என்ன செய்யும், மூளை எங்கே ஓடும் என்பதை ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டு அறிய முடியாது. கிடந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல. எனக்குப் பதினாறாவது பதினேழாவது தடவையில்தான் கீழே கிடந்துகொண்டே யோசிக்க வந்தது.

முதல் இரண்டு மாதம் எங்களுக்குச் சொல்லித் தந்தது அடி, உதை எதுவுமில்லை. இந்தக் கலையின் போட்டிகளிலும் அடியும் உதையும் கிடையாது. விழப் பழகினோம். நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகை உருட்டி, கையை நேராக ஊன்றாமல் பக்கத்தில் பாயை அறைந்து விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். பிறகு இறால். இங்கிலீசிலும் அப்படித்தான் சொல்வார்களாம். ஆனால் மீன் வாடியில் வளர்ந்த பிள்ளைக்கு விளக்கம் சொல்ல வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. "வலையில இருந்து உயிர் இறாலைக் கொட்டினா என்ன செய்யும்? முன்னுக்குப் பாயுமோ? வாலை மடிச்சு அடிச்சுப் பின்னுக்கெல்லோ பாயும்" என்றான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி, ஒரு பாதத்தை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்கு எறிய வேண்டும். மேலே இருப்பவரைத் தள்ளுவதில்லை, நாங்கள்தான் அவருக்குக் கீழே இருந்து நகர்ந்துகொள்வது. வந்த இடைவெளியில் முழங்காலை நுழைத்தால் பாதி விடுதலை. வாடியின் இந்தத் தலைப்பில் இருந்து அந்தத் தலைப்பு வரைக்கும் பழகும் ஒவ்வொரு நாளும் ஆறு தடவை இறால் போவோம். முதல் நாள் மூன்றாம் தடவையில் என் இடுப்பு மறுத்துவிட்டது. ஆவணியில் ஒருநாள் நான் இறால் அடித்து மகளின் பிடியில் இருந்து கழன்று எழுந்தபோது, அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அடுத்தது தட்டுவது. இனித் தாங்காது என்றால் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு மூன்று தரம் தட்ட வேண்டும். தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். கேள்வி கிடையாது, விளக்கம் கிடையாது, தட்டியவருக்கு வெட்கமும் கிடையாது. (எங்கள் கந்தோரிலும் இப்படியொரு சட்டம் இருந்தால் மாதக் கடைசியில் மேசையெல்லாம் தட்டும் சத்தம்தான் கேட்கும்.) இதை நான் ஒழுங்காகப் படித்தது தவறு செய்துதான். ஆர்ம்பார் என்றொரு பூட்டு இருக்கிறது. நீட்டிய கையை இரண்டு தொடைக்கும் நடுவில் பிடித்து, முழங்கை மூட்டுக்குக் கீழே இடுப்பை வைத்து உயர்த்துவது. மகள் பிடித்தாள். பெற்ற பிள்ளையிடம் தட்டுவதா என்ற வீம்பில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் மெல்லத்தான் உயர்த்தினாள், என்றாலும் முழங்கையில் 'டக்' என்று ஏதோ கேட்டது. மூன்று கிழமை தேங்காய் திருவ முடியவில்லை. இவர்தான் திருவினார். சம்பலில் சிரட்டைத் தூளும் சேர்ந்து வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீம்புக்கு இந்தக் கலையில் பெரிய கதையே உண்டு. ஜப்பானில் 1882 இல் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோப் பள்ளியில் படித்த மிட்சுயோ மயேடா என்பவர் ஊர் ஊராகப் போட்டி போட்டு 1914 இல் பிரேசிலுக்குப் போனார். அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் ஜூடோவையும் ஜியு-ஜிட்சு என்றே சொன்னதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவரிடம் பழகிய கார்லோஸ் கிரேசி 1925 இல் ரியோவில் பள்ளி தொடங்கினார். கார்லோசின் தம்பி ஹெலியோ மெலிந்த ஆள். பலத்தால் செய்கிற பிடிகள் அவருக்குச் சரிவராததால் நெம்புகோல் மாதிரி உடம்பை வைத்து, கீழே கிடந்துகொண்டே வெல்கிற வழிகளை வளர்த்தார். 1951 இல் ரியோவின் மரக்கானா அரங்கில் தன்னைவிடப் பெரிய ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவோடு மோதினார். கிமுரா தோள் பூட்டுப் போட்டு முறுக்கினார். ஹெலியோ தட்டவில்லை. கை முறிந்தது, தட்டவில்லை. அவருடைய ஆட்கள்தான் நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் கிமுரா என்றுதான் பெயர். தோற்றவர்கள் வென்றவரின் பெயரைத் தங்கள் கலைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. கையை முறியவிட்டது பிடிக்கவில்லை. ஹெலியோவுக்குத் தேங்காய் திருவுகிற வேலை இருந்திருக்காது.

ஹெலியோவின் மகன் ரொய்ஸ் 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், பல தற்காப்புக் கலைக்காரர் மோதிய போட்டியொன்றில், எண்பது கிலோ அளவே உள்ள உடம்போடு, ஒரே இரவில் மூன்று பேரை வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது என்று தங்கச்சி மகன் சொல்வான். 2018 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் ஜியு-ஜிட்சுவும் சேர்ந்துவிட்டது. ஆக, ஜப்பானில் இருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போய், அபுதாபி சுற்றி, அலஸ்தோட்டம் மீன் வாடிக்கு வந்திருக்கிறது.

எங்களுக்கும் இது முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. உயர்தரத்தில் தமிழ் படித்தபோது ஒரு சங்கப் பாட்டு வந்தது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதியபோது ஒரு காலை அவன் மார்பில் மண்டியிட்டு ஊன்றினான், மற்றக் காலால் அவன் முதுகை வளைத்தான் என்று புலவர் பாடியிருந்தார். அப்போது பொருள் எழுதிப் புள்ளி வாங்கியதோடு சரி. வாடியில் எதிராளியின் வயிற்றில் முழங்கால் ஊன்றுகிற நிலையைக் காட்டியபோதுதான், புலவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பாடியிருக்கிறார் என்று பட்டது. அந்த நிலைக்குப் போட்டியில் 2 புள்ளி கொடுக்கிறார்கள். மார்பில் முழுதாக ஏறி இருந்தால் 4.

வரப்போகிறவர்களுக்கு வேண்டிய சில சங்கதிகளையும் எழுதிவிடுகிறேன். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், கால் நகத்தையும். தோடு, காப்பு, மோதிரம், மூக்குத்தி, தலைக் கிளிப், மணிக்கூடு ஒன்றும் பாயில் ஏறக் கூடாது. தாலிக்கொடிதான் பிரச்சினை. "சட்டையைப் பிடிச்சு இழுக்கேக்க கொடி அகப்பட்டா கழுத்தை அறுத்துப்போடும்" என்று தங்கச்சி மகன் சொன்னது நியாயம். மாமியிடம் அதை எப்படிச் சொல்வது? ஒரு கிழமை யோசித்து, சொல்லாமலே கழற்றி, கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். மாமிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குங்குமச் சிமிழைக் காலியாக்கி வைத்து, "பையில கொண்டு திரியாத, இதுக்குள்ள வச்சிட்டுப் போ" என்றார். இப்போது புதனும் சனியும் நான் புறப்படும்போது சிமிழை எடுத்து முன்னால் வைப்பதே அவர்தான்.

செருப்போடு பாயில் ஏறக் கூடாது, பாய்க்கு வெளியே வெறுங்காலோடு நடக்கவும் கூடாது. முன்பாதிச் சட்டம் கோயிலிலும் உண்டு, பின்பாதிதான் எங்களுக்குப் பழக்கமில்லை. உடுப்பை அன்றன்றே தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் படர்தாமரை ஒருவரிடம் இருந்து எல்லாருக்கும் பரவும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தடித்த சட்டை இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மாரியில் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. சட்டை இல்லாதவர்கள் இறுக்கமான நீளக்கை ரீ-சேர்ட்டும் பொக்கற் இல்லாத காற்சட்டையும் போட்டு வரலாம். பொக்கற்றுக்குள் விரல் மாட்டினால் விரல் உடையும், அதனால்தான். கழுத்து நெரிக்கும் பிடிகளும் உண்டு. அவை மூச்சுக்குழாயை அல்ல, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்களை அழுத்துபவை. சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள் மயக்கம் வந்துவிடும். யூடியூப் பார்த்து வீட்டில் தம்பி தங்கையோடு விளையாடிப் பார்க்கிற விஷயமே இல்லை. குதிகாலைப் பிடித்து முறுக்குவதும் அப்படித்தான், வலி தெரிகிறதற்கு முன்னமே முழங்கால் மூட்டைப் பிணைக்கும் நார் அறுந்துவிடலாம். எங்களுக்கு அதைக் காட்டவே மாட்டேன் என்கிறான் தங்கச்சி மகன். தான் மாஸ்டர் இல்லை, பட்டி கொடுக்கிற உரிமை கறுப்புப் பட்டிக்காரருக்குத்தான் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டான். அதனால் நாங்கள் எல்லாரும் வெள்ளைப் பட்டி. கறுப்புக்குப் பொதுவாகப் பத்து வருடம் எடுக்குமாம். எனக்கு அப்போது ஓய்வூதியம் நெருங்கிவிடும்.

தாய்மார் கேட்கிற முதல் கேள்வி, ஆம்பிளைகளோடு பிடிக்க வேண்டுமா என்பது. எங்கள் வாடியில் இல்லை. தங்கச்சி மகன் ஒவ்வொரு பிடியையும் தன் மச்சானை வைத்துக் காட்டுவான், பெண்கள் பெண்களோடு செய்வோம். கிண்ணியாவில் இருந்து ஒரு தாயும் மகளும் முழுக்கை உடுப்போடும் இறுக்கமான தலைமறைப்போடும் வருகிறார்கள். அந்தத் தாய்க்கு என் வயதுதான், என்னைவிடப் பத்துக் கிலோ கூட. அவர் மேலே ஏறினால் நான் உடனே தட்டிவிடுவேன்.

இது எல்லா ஆபத்துக்கும் மருந்து என்று நான் எழுத மாட்டேன். கத்தியோடு வருபவனிடமும், மூன்று பேர் சேர்ந்து வந்தாலும், நிலத்தில் கட்டிப் புரளுவது மடத்தனம். ஓட வேண்டும். கண்டி பஸ்ஸில் இடிக்கிறவனுக்கு ஜியு-ஜிட்சு வீண். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போதும். அந்தச் சத்தம் எனக்கு முன்பெல்லாம் வருவதில்லை. இந்த ஆடியில் ஒருநாள் ஹபரணை தாண்டும்போது வந்தது. வாடியில் பழகியதால்தான் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சரி, இனி நான் கேட்க வந்தது. இருபத்தொரு பாய்த் துண்டில் மூன்று சோடிதான் ஒரே நேரத்தில் புரளலாம். இப்போது பதினொரு பேர் வருகிறோம். மற்றவர்கள் ஐஸ் பெட்டியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் நகரில் கலியாணம், கூட்டம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் பொது மண்டபங்கள் எத்தனை என்று வாசகர்களுக்கே தெரியும். அப்படியொன்றைப் புதன், சனி பின்னேரங்களில் ஒன்றரை மணித்தியாலம் தரமுடியுமா என்று எழுத்தில் கேட்டேன். கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறதாம். இருபது வருடமாக இதே பதிலை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அதனால் கோபிக்கவும் முடியவில்லை. அடுத்த தற்காப்பு முகாமுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் பதாகையையும், சான்றிதழையும், சாப்பாட்டுப் பார்சலையும் விட்டுவிட்டு அந்தக் காசுக்குப் பாய் வாங்கிக் கொடுக்கட்டும். நாற்பது துண்டு, அவற்றை அடுக்கிப் பூட்டிவைக்க ஓர் அறை, கிழமையில் இரண்டு பின்னேரம். அது ஜியு-ஜிட்சுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஜூடோ தெரிந்தவர் இருந்தால் அவர் வரட்டும், மல்யுத்தம் தெரிந்தவர் வரட்டும். எதிரில் ஓர் ஆள் உண்மையாகப் பிடிக்க வேண்டும், அடுத்த கிழமையும் பிடிக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

கார்த்திகைக்கு முன் பதில் வந்தால் நல்லது. நான் சொன்ன அந்த ஆணி ஓட்டைக்கு நேர் கீழேதான் எங்கள் நடுப் பாய் இருக்கிறது. போன சனிக்கிழமை பெய்த மழையில் வாளி வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் இறால் போனோம்.

இப்படிக்கு,
ஒரு வெள்ளைப் பட்டி,
உவர்மலை, திருகோணமலை.

(கந்தோரில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.)